கூட்டாளி தரும் துணிச்சல்

"போய்ச் சொல்லு மச்சி, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்." திருவண்ணாமலையில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். பதினாறு, பதினேழு வயதில் ஒருவரைப் பிடித்துப்போவது இயற்கைதான். ஆனால் அந்த ஆசை, 'வீட்டை விட்டுப் போயிடலாம்' என்ற முடிவாக முற்றுவது பல நேரம் கூட்டாளிகள் நடுவில். ஒருவன் வண்டி தருகிறான், இன்னொருவன் தாலிக்கயிறு வாங்கி வருகிறான். பின்வாங்கினால் கெத்து போய்விடும்.

2005-இல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் ஆட்டம் ஆடவைத்தார்கள். தனியாக ஆடியபோது நிதானமாக இருந்த பதின்வயதினர், நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். வயதில் மூத்தவர்களிடம் அந்த வேகம் தெரியவில்லை.

ஆனால் வீட்டை விட்டுப் போனது புகாராகி, காவல் நிலையத்துக்குப் போகும்போது அந்தக் கூட்டாளிகள் உடன் வருவதில்லை. 18 வயது நிரம்பாதவரின் சம்மதத்தை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஏற்காது. வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமில்லை என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது உண்மை. ஆனால் அந்த நீதி கிடைப்பதற்குள் பிளஸ் டூ தேர்வு முடிந்திருக்கும்.

பெற்றோரும் பதறுகிறார்கள். மானம் போகுமுன் பெண்ணை வேறிடத்தில் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார்கள். அவளுக்கு 18 ஆகவில்லை என்றால் அதுவும் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நம்மூர் அருணகிரிநாதர் கதை தெரியும்தானே? இளமையில் தடம் மாறி, மனம் வெறுத்து, வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கிக்கொண்டான் என்பார்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று அவன் முதலில் விசாரிக்கவில்லை, முதலில் பிடித்துக்கொண்டான். பெற்றோருக்கு அந்த வரிசை முக்கியம். பிள்ளை வாய் திறந்ததும் அலைபேசியைப் பிடுங்கினால், அடுத்த ரகசியம் நண்பனிடம்தான் போகும்.

தம்பி, தங்கைகளே, வாழ்க்கையைத் திருப்பும் முடிவை நண்பர்கள் எதிரில் எடுக்காதீர்கள். ஒரு இரவு தள்ளிப்போடுங்கள். அக்காவிடமோ, மாமாவிடமோ, நம்பிக்கையான ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது.