வேகமும் தாமதமும்



சிராங்கூன் சாலையிலிருந்து சென்னையிலுள்ள பெற்றோருடன் காணொளியில் பேசுகிறோம். படம் உறைந்து நிற்கிறது. "இணைய வேகம் போதவில்லை" என்று கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுகிறோம். குறையோ தீர்வதில்லை.

'வேகம்' என்னும் ஒரே சொல்லால் இரண்டைக் குறிப்பதே இக்குழப்பத்துக்குக் காரணம். நொடிக்கு எவ்வளவு தரவு செல்கிறது என்பது கொள்திறன். ஒரு செய்தி சென்று மீள எவ்வளவு நேரமாகிறது என்பது தாமதம். பணம் கொடுத்து நாம் வாங்குவது பெரும்பாலும் முன்னதையே.

2002-இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த கடலடி வடத்தின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் செல்லும். எனவே, அவ்வழியே சென்று மீளக் குறைந்தது 32 மில்லிநொடி ஆகும். இஃது இயற்கை விதித்த எல்லை.

1983-இல் மைக் மூஸ் எழுதிய 'பிங்' என்னும் நிரல் இந்நேரத்தை அளந்து காட்டும். முதலில் வீட்டு வைஃபை கருவி வரையிலும், பின்னர்ச் சென்னைக் கணினி வரையிலும் அளந்து பாருங்கள். முதல் அளவே நூறைத் தாண்டினால், பழுதை வங்கக் கடலில் தேடவேண்டா. அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கருவியை இடம் மாற்றிப் பாருங்கள். முதல் அளவு சீராக இருந்து, இரண்டாவது மட்டும் ஏறி இறங்கினால், அவ்வெண்களுடன் சேவை நிறுவனத்தை அணுகுங்கள். "மெதுவாக இருக்கிறது" என்னும் முறையீட்டைவிட அவ்வெண்களுக்கு மதிப்பு மிகுதி.