ரணஜன்னியும் உடலின் தற்காப்பும்



மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வெறுங்காலோடு சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவர்களுக்கும், அரிவாள் பிடித்துக் கதிர் அறுக்கிறவர்களுக்கும், காலில் முள் தைப்பதும் விரலில் வெட்டு விழுவதும் அன்றாட சமாசாரங்களாகையால், அவற்றை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சாணமும் தொழுவுரமும் சேர்ந்து வளம் பெற்ற அதே மண்ணில், ரணஜன்னிக் கிருமியின் வித்துக்கள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, பிராணவாயு எட்டாத ஆழமான காயம் வாய்த்ததும் விழித்துப் பெருகுகின்றன.

கிருமி காயத்திலேயே தங்கிவிடுகிறது. அது சுரக்கும் விஷமே நரம்புகளின் வழியாக ஏறி முதுகுத்தண்டை அடைகிறது. தசைகளின் சுருக்கம் எல்லை மீறாதபடி கடிவாளம்போல் அடக்கி வைக்கும் நரம்புச் செய்திகளை அவ்விஷம் தடுத்துவிடுவதால், முதலில் தாடை பூட்டிக்கொள்கிறது. பிறகு சிறு ஓசைக்கும் உடல் முழுவதும் இசிவு காண்கிறது. அத்தனை வேதனைக்கும் நடுவே பிரக்ஞை தெளிவாகவே இருப்பதுதான் இந்நோயின் கொடுமை.

அம்மை கண்டு பிழைத்தவருக்கு மறுமுறை அது வருவது அபூர்வம். ரணஜன்னியிலோ அந்த நியாயம் செல்லாது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு, ஒரு கிராமில் 40 கோடியில் ஒரு பங்கு விஷமே உயிரைப் பறிக்கப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு சொற்பமான விஷம், தற்காப்புச் சக்தியை எழுப்பி எதிர்ப்பொருளை உண்டாக்கப் போதுவதில்லை. ஆகவே பிழைத்தெழுந்தவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

விஷமூட்டிப் பழக்கிய பிராணிகளின் இரத்தநீர் அவ்விஷத்தை முறிப்பதை 1890-ல் பெர்லினில் பேரிங், கிடசாட்டோ என்னும் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். பின்னர் பிரான்சில் ரமோன் என்பவர், இத்தகைய விஷங்களைப் பார்மலினாலும் வெப்பத்தாலும் பதப்படுத்தி, நச்சுத்தன்மை நீங்கியும் உடல் அடையாளம் காணும் அமைப்பு சிதையாத பொருளாக்கும் முறையைக் கண்டார். இன்றைய தடுப்பூசி அதுவே. கர்ப்பிணிக்கு அதைப் போட்டால் எதிர்ப்பொருள் கருவிலிருக்கும் சிசுவையும் சென்றடைகிறது. இதனோடு சுத்தமான பிரசவமும் பரவியதன் பயனாக, ஒவ்வொரு மாவட்டத்திலும் 1000 பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவாகச் சிசு ரணஜன்னியை ஒடுக்கிய நாடாக 2015-ல் இந்தியா அறிவிக்கப்பட்டது.

நரம்புக்குள் புகுந்துவிட்ட விஷத்தை எந்த எதிர்ப்பொருளும் எட்டாது; ஆதலால் காவல் முன்கூட்டியே அமைய வேண்டும். காயத்தைச் சோப்பிட்டுக் கழுவி, சாம்பலும் சாணமும் அப்பாமல், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை, மண்ணிலிருந்து வருவது. எனவே ஊரார் அனைவரும் ஊசி போட்டுக்கொண்டாலும், போட்டுக்கொள்ளாத ஒருவருக்கு அதனால் பாதுகாப்பில்லை.