தெருமுனைக் குப்பையும் பூட்டிய வீடும்: உள்ளாட்சியின் வர்க்க அரசியல்

(கட்சிக் கிளைச் செயலாளர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்தன. மூன்று நாட்களுக்குள் அவற்றை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு கேரள அரசுக்கு உத்தரவிட்டது. அதிகாரிகள் லாரிகளுடன் வந்து கழிவை அள்ளிச் சென்றனர். அன்று கேரளத்தில் ஆட்சியில் இருந்தது இடது ஜனநாயக முன்னணி. கழிவு மேலாண்மையில் நாட்டுக்கே முன்னுதாரணமாகப் பேசப்படும் மாநிலத்தின் கழிவு, மலை தாண்டி வந்து ஏழை விவசாயிகளின் ஊர்களில் விழுந்தது. இந்த உண்மையை மறைத்துவிட்டு உள்ளாட்சிப் பணிகளைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

குப்பை எப்போதும் ஒரு திசையில்தான் பயணம் செய்கிறது. நிலம் மலிவாகவும் மக்களின் குரல் பலவீனமாகவும் இருக்கும் இடத்தை நோக்கியே அது செல்கிறது. தில்லியின் காஜிப்பூர் குப்பைக் கிடங்கு 1984இல் தொடங்கப்பட்டது. 2002இலேயே அதன் கொள்ளளவு நிரம்பிவிட்டது. ஆயினும் குப்பை தொடர்ந்து கொட்டப்பட்டது. 2017 செப்டம்பர் 1 அன்று அந்தக் குப்பை மலை சரிந்து இருவர் உயிரிழந்தனர். மும்பையின் தேவனார் கிடங்கு 1927 முதல் இயங்கி வருகிறது. அதைச் சுற்றி வாழ்பவர்கள் குடிசைப் பகுதி உழைப்பாளிகள். குப்பையை உருவாக்குபவர் ஒருவர், அதன் நாற்றத்தையும் நோயையும் சுமப்பவர் வேறொருவர். நகர்ப்புற உள்ளாட்சியின் அடிப்படைக் கேள்வி இதுதான்: சுமை யாருடைய தலையில் ஏற்றப்படுகிறது?

ஆலப்புழை கற்றுத் தந்தது

திருவனந்தபுரத்தின் குப்பை விளப்பில்சாலை கிராமத்தில் கொட்டப்பட்டு வந்தது. 2011 டிசம்பரில் அந்த ஊராட்சியே ஆலையின் கதவுக்குப் பூட்டுப் போட்டது. ஆலப்புழையிலும் அதே நிலைமை உருவானது. நகரின் குப்பை சென்றுகொண்டிருந்த சர்வோதயபுரத்து மக்கள் லாரிகளை மறித்தனர். நகரத்துத் தெருக்களிலும் கால்வாய்களிலும் குப்பை குவிந்தது.

காவல்துறையை வைத்து லாரிகளை ஓட்டுவது ஒரு வழியாக இருந்தது. வேறொரு கிராமத்தைத் தேடுவது மற்றொரு வழி. ஆலப்புழை நகராட்சி மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. அன்றைய சட்டமன்ற உறுப்பினர் தோழர் தாமஸ் ஐசக்கின் முன்முயற்சியுடன் 2012இல் "தூய்மையான வீடு, தூய்மையான நகரம்" என்ற திட்டம் சில வார்டுகளில் தொடங்கப்பட்டது. குப்பை பிறக்கும் இடத்திலேயே அதைக் கையாள வேண்டும் என்பதே அதன் சாரம். வீடுகளுக்கு மானியத்துடன் சாண எரிவாயுக் கலன் போன்ற சமையலறைக் கழிவுக் கலன்களும் குழாய் உரக் கலன்களும் வழங்கப்பட்டன. வீட்டில் இடமில்லாதவர்களுக்காகப் பொது இடங்களில் உரத் தொட்டிகள் கட்டப்பட்டன. முன்பு குப்பை குவிந்து கிடந்த மூலைகளிலேயே அவை அமைக்கப்பட்டன. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, கழிவு மேலாண்மையில் முன்மாதிரியான ஐந்து நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையை எடுத்துக்காட்டியது.

இந்த வெற்றிக்கு இயந்திரம் காரணமன்று. வீடு வீடாகச் சென்று பேசியவர்கள் காரணம். அந்தப் பேச்சு நடந்திராவிட்டால் மானியத்தில் வந்த கலன்கள் கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடந்திருக்கும்.

பிரம்மபுரம் எச்சரித்தது

ஆலப்புழையின் அனுபவம் அண்டை நகரத்துக்குக்கூடத் தானாகப் பரவவில்லை. 2023 மார்ச் 2 அன்று கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பற்றியது. பத்து நாட்களுக்கு மேல் நகரம் புகையில் மூழ்கியது. மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்துப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அந்த மாநகராட்சியும் இடதுசாரிகளின் பொறுப்பில்தான் இருந்தது. நல்ல கொள்கை ஏட்டில் இருந்தும் மக்கள் பங்கேற்பு தளர்ந்து, எல்லாவற்றையும் ஒரே கிடங்கிலும் ஒப்பந்ததாரரிடமும் விட்டால் விளைவு என்ன என்பதைப் பிரம்மபுரம் காட்டியது.

அதன் பிறகே மாநிலம் தழுவிய இயக்கம் வேகம் பெற்றது. சட்டம் திருத்தப்பட்டது. நீர்நிலைகளில் கழிவு கொட்டுவோருக்கு அபராதத்துடன் சிறைத் தண்டனையும் விதிக்க வழி செய்யப்பட்டது. கொட்டுவோரைப் படம் பிடித்துத் தகவல் தருவோருக்கு வெகுமதி அறிவிக்கப்பட்டது. ஆனால் கேமராவும் அபராதமும் மட்டும் தெருவைச் சுத்தமாக்கிவிடாது. குப்பையைக் கொடுக்க வேறு வழியில்லாத குடும்பத்துக்கு அபராதம் விதிப்பது அநீதி. முதலில் வீட்டு வாசலுக்கு வந்து வாங்கிச் செல்லும் ஏற்பாடு வேண்டும். அதற்குப் பின்பே தண்டனைக்கு நியாயம் பிறக்கிறது.

அந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு ஹரித கர்ம சேனை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், பெரும்பாலும் குடும்பஸ்ரீ உறுப்பினர்கள், மாதந்தோறும் வீடுகளுக்குச் சென்று பிளாஸ்டிக் உள்ளிட்ட மக்காத கழிவைச் சேகரிக்கின்றனர். வீடுகள் செலுத்தும் சிறு கட்டணமே அவர்களுடைய வருமானத்தின் அடிப்படை. கட்டணம் வராத மாதத்தில் அவர்களின் கூலியும் குறைகிறது. நாடு முழுவதும் துப்புரவுப் பணியின் சுமை தலித் மக்கள் மீது சாதியின் பெயரால் சுமத்தப்பட்டிருக்கிறது. ஒப்பந்த முறை அச்சுமையை இரட்டிப்பாக்கியிருக்கிறது. ஆகவே நிரந்தரமான ஊதியமும் பாதுகாப்புக் கருவிகளும் ஓய்வூதியமும் இல்லாமல் சுத்தமான நகரம் என்று பெருமை கொள்வது வெறும் வாய்ப்பேச்சு.

உற்பத்தியாளரின் பொறுப்பையும் மறந்துவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், சந்தையில் பிளாஸ்டிக்கை இறக்கும் நிறுவனமே அதைத் திரும்பப் பெறவும் பொறுப்பு என்கின்றன. லாபம் நிறுவனத்துக்கும் உறை ஊராட்சிக்கும் என்ற நிலை மாற வேண்டும்.

பூட்டிய வீடுகள்

காலி வீடுகளின் கதையும் இதே தர்க்கத்தில்தான் நடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் சுமார் 1.11 கோடி வீடுகள் காலியாக இருந்தன. 2012இல் ஒன்றிய அரசின் தொழில்நுட்பக் குழு, நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என மதிப்பிட்டது. அந்தப் பற்றாக்குறையில் 95 சதவீதத்துக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானப் பிரிவினருக்கும் உரியது. குடியிருக்க வீடு இல்லாத மக்களும் குடியிருக்க ஆள் இல்லாத வீடுகளும் ஒரே நகரத்தில் அருகருகே இருக்கின்றன. வீடு வசிப்பிடமாக இல்லாமல் முதலீடாக மாறியதன் விளைவு இது. விலை ஏறும்வரை பூட்டி வைப்பவருக்கு லாபம். அந்த வீட்டின் திறந்த தொட்டியில் பெருகும் டெங்குக் கொசு அண்டை வீட்டாருக்கு.

அரசு கட்டிய வீடுகளும் காலியாகக் கிடந்தன. 2020இல் தொடங்கிய வாடகைக் குடியிருப்புத் திட்டத்தின் கீழ், அத்தகைய வீடுகளைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடுவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. அவற்றில் மிகச் சிறிய பகுதியே அவ்வாறு பயன்பாட்டுக்கு வந்தது. வேலை கிடைக்கும் இடத்திலிருந்து வெகுதொலைவில் கட்டப்பட்ட வீட்டுக்கு உழைப்பாளி எப்படிச் செல்வார்?

காலிக் கட்டடங்களுக்கு வரிச் சலுகை தரும் வழக்கம் நெடுங்காலமாகப் பல உள்ளாட்சிச் சட்டங்களில் இருந்தது. பூட்டி வைப்பதற்கு ஊக்கத்தொகை கொடுப்பது போன்றது இது. 2023 கேரள பட்ஜெட்டில் பூட்டிய வீடுகளுக்கு வரி விதிக்கும் யோசனை வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பில் ஒரு நியாயமும் இருந்தது. வளைகுடாவில் வெயிலில் உழைத்துக் கட்டிய ஒற்றை வீடும், பெருமுதலாளி பூட்டி வைத்திருக்கும் அடுக்ககங்களும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மக்களிடம் முன்கூட்டியே விளக்கினால்தான் அத்தகைய வரி நிற்கும். ஆலப்புழையில் நடந்த வீடு தேடிய பேச்சு இங்கே நடக்கவில்லை.

கிளைகளின் கடமை

74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் 12ஆவது அட்டவணை, 18 பணிகளை நகராட்சிகளுக்கு உரியனவாகக் குறிப்பிடுகிறது. திடக்கழிவும் பொதுச் சுகாதாரமும் அவற்றில் அடங்கும். பணிகளை ஒப்படைத்த அரசுகள் போதிய நிதியை ஒப்படைக்கவில்லை. அதற்கான போராட்டம் தொடர வேண்டும். ஆனால் நிதி வரும்வரை காத்திருப்பது இயக்கத்தின் வழியன்று.

ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் குப்பை கொட்டப்படும் மூலைகளையும், ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களையும் கணக்கெடுக்கட்டும். யார் கொட்டுகிறார், யார் பூட்டி வைத்திருக்கிறார், யார் பாதிக்கப்படுகிறார் என்று மூன்று பத்திகளில் எழுதட்டும். அந்தப் பட்டியல் வார்டு சபையில் வைக்கப்படட்டும். துப்புரவுத் தொழிலாளர்களின் சங்கமும் குடியிருப்போரும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக அமரட்டும். அதற்கு முன், கட்சி உறுப்பினரின் வீட்டில் குப்பை தரம் பிரிக்கப்படட்டும்.

நடுக்கல்லூரில் கொட்டப்பட்ட கழிவு, பிறந்த இடத்துக்கே லாரியில் திரும்பிச் சென்றது. சுமை உரியவரிடம் திரும்ப முடியும் என்பதற்கு அது சான்று. ஊர் மக்கள் எதிர்த்துக் குரல் எழுப்பியதால்தான் அது சாத்தியமாயிற்று. குரல் எழாத ஊர்களில் குப்பை இன்னும் கிடக்கிறது. கிளைகளின் வேலை அங்கிருந்தே தொடங்குகிறது.