டவர் இல்லாத கடலுக்கு யார் சேதி சொல்றது?

போன வாரம் ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு அடையாறு வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்திருந்தேன். கையில ஒரு ரேடியோ, ஒரு லேப்டாப், கொடிக்கம்பத்துல கட்டின பத்து மீட்டர் ஒயர். டான்னு எட்டுக்கு, பூச்சி கத்துற மாதிரி ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் ஸ்கிரீன்ல எழுத்து ஓட ஆரம்பிச்சுது.

அதுதான் நாவ்டெக்ஸ். கப்பல்களுக்கு வானிலை எச்சரிக்கையை எழுத்தா அனுப்புற ரேடியோ சேவை. உலகம் முழுக்க ஒரே இடம், 518 கிலோஹெர்ட்ஸ். எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா குழப்பம்தானே? அதனால ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எழுத்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம். சென்னைக்கு ‘பி’ங்கிற எழுத்து. நம்ம கடிகாரப்படி 4, 8, 12 மணி. பகலும் அதே, ராத்திரியும் அதே.

ரேடியோவை 517-ல வெச்சு யு.எஸ்.பி. மோடுக்கு மாத்தணும். பென் டிரைவ் யு.எஸ்.பி. இல்லீங்க, அப்பர் சைட்பேண்ட்! ஹெட்போன் ஓட்டையிலிருந்து லேப்டாப் மைக்குக்கு ஒரு ஒயர். எஃப்.எல்.டிஜி-ன்னு ஒரு இலவச மென்பொருள் அந்தச் சத்தத்தை எழுத்தா மாத்திடும். கரையிலிருந்து 250 கடல் மைலுக்கு மேலயும் இது கேட்கும். பெரிய கப்பல்கள்ல இதுக்குன்னே ஒரு பெட்டி இருக்கும். அதுல புயல் எச்சரிக்கையை மட்டும் ‘வேண்டாம்’னு அணைச்சு வைக்கவே முடியாது.

சரி, சின்னப் படகுக்கு?

2017 நவம்பர் 30. கன்னியாகுமரிக் கடல்ல ஒக்கி புயலா மாறின நாள். தூத்தூர், வள்ளவிளைக்காரங்க வாரக்கணக்கா ஆழ்கடல்ல தங்கி மீன் பிடிக்கிறவங்க. கடலுக்குப் போகாதீங்கன்னு கரையில சொன்னப்போ, பலர் எப்பவோ போயாச்சு. அங்க செல்போன் டவர் எட்டாது. நூத்துக்கணக்கானவங்க திரும்பி வரலை.

அதுக்கப்புறம் 2019-ல ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனத்தோட ‘ஜெமினி’ கருவி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியா வர்ற எச்சரிக்கையைப் பிடிச்சு, புளூடூத்ல படகுல இருக்கிறவர் போனுக்குக் கொடுக்கும். நல்ல விஷயம். ஆனா ஒருவழிப் பாதை.

மறுநாள் காலையில ஊரூர் குப்பத்துல ஒரு மீனவ அண்ணன்கிட்ட லேப்டாப்ல வந்த எழுத்தைக் காட்டினேன். முழுக்க இங்கிலீஷ். கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கேட்டார்:

“என்னா எழுதிருக்குன்னு நீ படிச்சிச் சொல்ற, சரி தம்பி. அங்க எங்களுக்கு யாரு படிச்சிச் சொல்றது? அத்த வுடு. நாங்க அங்கேருந்து கத்துனா, இந்தப் பொட்டிக்குக் கேக்குமா?”

கேட்காது அண்ணே. அது கேட்க மட்டும்தான் செய்யும், பேசாது.

எட்டு மணி வந்தா அந்தப் பூச்சிச் சத்தத்தோட இப்போ அவர் கேள்வியும் காதுல விழுது. அடுத்த எபிசோட்ல, கடல்லேருந்து கரைக்குப் பேசுற கருவிகளைப் பத்திப் பார்ப்போம்.