சபையிலிருந்து சங்கத்துக்கு



மரபு ஒரு கரை, புதுமை மறு கரை என்று வகுத்துக்கொண்டு, எக்கரையில் நிற்பது என வினவுவது அரசியல் பேசுவோரிடையே வழக்கமாகிவிட்டது. இராயப்பேட்டையில் வாழ்ந்த திரு.வி. கலியாணசுந்தரனாரின் வாழ்வை நோக்கின், அவ்வினாவே பிழையோ என்னும் ஐயம் எழும்.

1883இல் துள்ளத்தில் பிறந்த அவர், வெஸ்லி பள்ளியில் பயின்றார், யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளையிடம் தமிழும் சைவமும் கற்றார். இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா எனல் தகாது என்று வாதிட்டவர் பிள்ளை. வாதம் வழக்காயிற்று. ஆசிரியர் பொருட்டு நீதிமன்றம் சென்ற மாணவர் தேர்வை இழந்தார். அம்மாணவரே 1929இல் ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’ எழுதினார். ஆசிரியர்பால் கொண்ட மதிப்பை விடவில்லை. அவர் முடிபை மட்டும் விட்டார். பின்னாளில் அவர் கொண்ட அரசியலுக்கு இதுவே பயிற்சிக்களம் எனலாம்.

தொழிற்சங்கம் முற்றிலும் மேனாட்டுச் சரக்கு என்பார் உளர். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய வரலாறு வேறு சொல்கிறது. பெரம்பூர்ப் பகுதியில் செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபையின் வழியே சமயச் சொற்பொழிவுகள் நடத்திவந்தனர். கேட்க வந்தவருள் பலர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர். பக்தி கேட்க வந்த இடத்தில் பசியையும் பேசினர். ஆலையில் பட்ட இழிவையும் பேசினர். அப்பேச்சே சங்கமாயிற்று. அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சார்ந்த பி.பி. வாடியா தலைவர், ‘தேசபக்தன்’ ஆசிரியர் திரு.வி.க. துணைத் தலைவர். வேங்கடேசர் பெயரால் ஒரு சபை, பார்சித் தலைவர், சைவத் துணைத் தலைவர்! எந்தக் கொள்கை நூலும் இப்படியொரு கூட்டை வகுத்திராது.

அரசியல் மேடையில் ஆங்கிலம் கோலோச்சிய காலத்தில் தமிழில் எழுதியும் பேசியும் அவர் பழகினார். பழந்தமிழ்ச் சொற்களே ஆலை வாயிலுக்கும் போதும் என்று காட்டினார். மார்க்சின் பொதுமையைச் சன்மார்க்கத்தோடு இணைத்துக் காண முயன்றார். அவ்விணைப்பு முழுதும் பொருந்தியது என்று கூறல் அரிது. ‘பெண்ணின் பெருமை’யும் அத்தகையதே: பெண்ணுரிமை பேசும் நூல்தான், எனினும் தாய்மையை உச்சியில் வைத்தே பேசுகிறது.

அவருடைய நிதானம் தடுமாறிய இடமும் உண்டு. 1925இல் காஞ்சிபுரம் மாகாண மாநாட்டில் அவர் தலைவர். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை அவர் அனுமதிக்கவில்லை, பெரியார் வெளியேறினார். மாநாட்டு ஒழுங்கும் தேசிய ஒற்றுமையும் அன்று அவருக்குப் பெரியனவாகத் தோன்றின. ஒற்றுமை என்னும் நல்ல சொல்லே நெடுங்காலம் ஒதுக்கப்பட்டோரின் முறையீட்டை அவைக்கு வராமல் தடுத்துவிட்டது. சபையில் தொழிலாளர் குறையைக் கேட்ட செவி, இங்கே ஏன் கேட்கவில்லை? அவரைப் போற்றுவோர் இவ்வினாவைத் தாண்டிச் செல்லலாகாது.

கட்சிப்பற்று அவரைக் கட்டிவைத்ததும் இல்லை. 1947இல் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தையொட்டி அவருக்கு வீட்டுக்காவல் விதிக்கப்பட்டது. விதித்தது அவர் இளமை முதல் பாடுபட்ட காங்கிரசின் ஆட்சி. அப்போதும் அவர் தொழிலாளர் பக்கமே நின்றார்.