பஹாவ் பையன் போட்ட கோல்

நெகிரி செம்பிலான் காற்பந்துன்னு பேச்செடுத்தா நம்ம ஆளுங்க உடனே 2009-ஐத்தான் சொல்வாங்க. நியாயம்தான். 1948-க்கு அப்புறம் 61 வருஷம் கழிச்சு மலேசியக் கிண்ணம் கிடைச்சிருக்கு, அதுவும் புக்கிட் ஜாலில்ல கிளந்தானை 3-1-னு அடிச்சு. ஆனா என்னைக் கேட்டா, 2011-தான் பெரிசு.

ஏன்னா, நடுவுல 2010 இருக்கு. அந்த வருஷம் கெடாவைப் பெனால்டியில ஜெயிச்சு எஃப்.ஏ. கிண்ணத்தை வாங்கினோம். மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துல மறுபடியும் அதே கிளந்தான். இந்தத் தடவை 2-1, தோல்வி நமக்கு. அந்த வலியோடதான் அடுத்த பருவம் தொடங்குச்சு. கெடாவுக்குக் கிண்ணங்களை அள்ளி அள்ளிக் கொடுத்த அஸ்ராய் கோர் பயிற்றுநரா வந்தார். லீக், குழு ஆட்டம், காலிறுதி எல்லாத்தையும் தாண்டிப் போயிடறேன், நேரம் இல்லை.

எனக்குப் பேச ஆசை எஸ். குணாளனைப் பத்தி. பஹாவ்ல பிறந்த பையன், வலது விங். 2010 கடைசியில, ராஜகோபால் பயிற்சியில ஆசியான் கிண்ணம் வாங்கின தேசியக் குழுவுலயும் இருந்தார். பின்னாடி அவரைத் தற்காப்புக்குக் கொண்டுபோனாங்க. எனக்கு அதுல இன்னும் வருத்தம்தான். அந்தக் கால்வேகத்தைப் பின்னால கட்டிப் போடலாமா, நீங்களே சொல்லுங்க!

இதை ஏன் சொல்றேன்னா, நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில விளையாட்டு ஆசிரியரா இருந்தவன். எங்க திடல் ஒரு பக்கமா, கால்வாயைப் பார்த்துச் சரிஞ்சு கிடக்கும். பந்து தானா அந்தப் பக்கம்தான் உருளும். அதனால முதல் பாதியில வலது விங் யாருக்குன்னு பையன்களுக்குள்ள அடிதடியே நடக்கும். காலையில அப்பா பால்மரம் வெட்டப் போட்டுக்கிட்டுப் போன கம்போங் அடிடாஸ் ரப்பர் சப்பாத்து, சாயந்தரம் மகன் காலுல இருக்கும், நுனியில பழைய துணியைத் திணிச்சு. பந்து கால்வாயில விழுந்துட்டா, எடுக்கப் போனவன் வர்ற வரைக்கும் ஆட்டம் நிக்கும். அந்தக் கூட்டத்துல ஓடத் தெரிஞ்சவன் எத்தனையோ பேர். ஓட்டத்தை நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்து, பந்தை உள்ளே கொடுக்கத் தெரிஞ்சவன் ஒருத்தனோ ரெண்டு பேரோதான். விங்கருக்கு அதுதான் வித்தை.

சரி, ஷா ஆலமுக்கு வருவோம். 2011 அக்டோபர் 29, மலேசியக் கிண்ண இறுதியாட்டம். எதிரணி திரெங்கானு. ரெண்டாவது பாதியில அவங்க ஒரு கோல் போட்டுட்டாங்க. மணி ஓடுது, நம்ம பக்கம் ஒண்ணும் நகரலை. இன்னும் பத்து நிமிஷம் போல இருக்கும்போது சமன் பண்ணினவர் யாரு? நம்ம பஹாவ் பையன்! கொஞ்ச நேரத்துல நம்ம குழுவுல இருந்த ஹைருடின் ஒமார் இன்னொண்ணு. அவர் திரெங்கானுக்காரர், முந்தின வருஷம் கிளந்தான் பக்கம் நின்னு நம்மளை அழவெச்சவர். காற்பந்துல கணக்கு இப்படியும் தீரும். 2-1. நம்ம ரசிகர்களோட முழக்கமான "ஹோபின் ஜாங் ஹோபின்"னு கத்தினவங்கள்ல பாதிப் பேருக்கு மறுநாள் தொண்டையே இல்லை.

தயாரிப்பாளர் கையைக் காட்டுறார், முடிக்கணுமாம். பஹாவ், ஜெராம் பாடாங், சுவா பெத்தோங் பக்கம் கேட்டுக்கிட்டிருக்கிற அப்பா அம்மாமாரே, அடுத்த தடவை பாரோய் அரங்கத்துல ஆட்டம்னா பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போங்க. வலது பக்கமா டிக்கெட் எடுங்க. நம்ம மாநிலத்துக்கு இன்னொரு விங்கர் வேணும்.