பிள்ளைக்குப் பழிப்பெயர் சூட்டாதீர்!

(பெரம்பலூரில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிறுவர் செய்யும் குற்றத்திற்கு யார் பொறுப்பு? இவ்வினாவுக்கு, 'அவன் பிறந்த குலம் அப்படி' என்று விடை கூறுவார் நம் ஊர்களில் இன்றும் உளர். இது தமிழர் கண்ட கருத்தன்று. வள்ளுவப் பெருந்தகை 'சிற்றினம் சேராமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஒருவன் சேரும் கூட்டம் அவன் அறிவையே மாற்றும் என்பது அவர் கொள்கை.

பிறப்பின்மேல் குற்றத்தை ஏற்றிச் சட்டமே செய்தவர் ஆங்கிலேயர். குற்றப் பரம்பரைச் சட்டம் என வழங்கப்பட்ட அது 1871இல் வடபுலத்தில் தோன்றி, 1911இல் சென்னை மாகாணத்திலும் பாய்ந்தது. தொட்டிற் குழந்தையும் குற்றக் குலத்தது எனக் கருதப்பட்டது. 1947இல் இங்கு அச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் போயிற்று; அவ்வெண்ணம் நம் நாவை விட்டுப் போகவில்லை.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கிளிபோர்டு சா, என்றி மக்கே என்னும் ஆய்வறிஞர் இருவர் சிறார் குற்றங்களைப் பல்லாண்டு ஆராய்ந்து 1942இல் நூல் வெளியிட்டனர். வறுமையும் நெருக்கடியும் மிக்க பகுதிகளில் ஒரு நாட்டார் போக வேறொரு நாட்டார் குடியேறினர். குற்ற மிகுதியோ அப்பகுதிகளிலேயே நின்றது. நல்ல பகுதிகட்குப் பெயர்ந்தோர் பிள்ளைகளிடம் குற்றம் குறைந்தது. கேடு குருதியில் இருந்திருப்பின், ஆள் பெயர்ந்தபோது அதுவும் உடன் பெயர்ந்திருக்குமன்றோ?

நம் பகுதியைப் பாருங்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமிட்டி ஆலைகள், ஓயாமல் ஓடும் சுமையுந்துகள். பெரம்பலூர்ப் பக்கம் வானம் பார்த்த பருத்தியும் மக்காச்சோளமும். மழை பொய்த்தால் தாய்தந்தையர் வேலை தேடி வெளியூர் செல்கின்றனர். பிள்ளை பாட்டியிடம் வளர்கிறான். பள்ளி விட்டபின் அவனுக்குத் துணை யார்? சாலையோரக் கடையும் மதுக்கடை வாயிலும் கைப்பேசித் திரையுமே!

பல்லாண்டுகட்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தந்தை சுமையுந்து ஓட்டுநர், வீட்டுக்கு வருவது கிழமைக்கு ஒருநாள், வந்தாலும் குடி. தாய் முந்திரிக்காட்டு வேலைக்குச் செல்வாள். ஒருநாள் உடன்பயில்வோன் பணத்தை அவன் எடுத்துவிட்டான். வகுப்பு நடுவே 'திருடன்' என்றேன். மறுநாள் முதல் பிள்ளைகள் அவனை அப்பெயராலேயே அழைத்தனர். பத்தே நாளில் பள்ளியை விட்டு நின்றான். ஈராண்டு கழித்து மிதிவண்டித் திருட்டில் பிடிபட்டான் என்று கேள்வியுற்றேன். அன்று அவன் காலையில் உண்டானா என்றுகூட நான் கேட்கவில்லை. சொல்லின் வலிமையை ஊருக்கெல்லாம் உரைத்த தமிழாசிரியன், தன் வகுப்பில் அதனை மறந்தான்.

சட்டம் என்னினும் திருந்திவிட்டது. சிறார்க்கெனத் தனிச்சட்டம் 1920இலேயே சென்னையில் இயற்றப்பட்டது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் 'குற்றம் புரிந்த சிறார்' எனப் பொருள்படும் பெயரிட்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கைவிட்டுச் 'சட்டத்தோடு முரண்பட்ட சிறார்' என்றது. இன்றுள்ள 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 அகவை நிரம்பாதவரைக் காவல்நிலைய அறையிலோ சிறையிலோ அடைத்தல் கூடாது. நடுவர் ஒருவரும் குமுகாயப் பணியாளர் இருவரும் கொண்ட குழுமமே உசாவும். 16 அகவை கடந்தோர் கொடுங்குற்றம் புரிந்தால் மட்டும் பெரியவர்போல் உசாவ இடமுண்டு.

சட்டம் குற்றத்திற்குப் பின்னரே வரும். முன்னரே செல்ல வேண்டியவர் நாம். பெற்றோரே, வெளியூர் செல்லுமுன் பிள்ளையைப் பொறுப்புள்ள ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஆசிரியரே, மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். இளைஞரே, ஊர்தோறும் மாலைப் படிப்பகம் திறவுங்கள். ஒரு விளக்கும் சில நூல்களும் உங்கள் உடனிருப்பும் போதும்.

பிறப்பில் உயர்வு தாழ்வு இல்லை என மேடையில் முழங்குகிறோம். பிறவிக் குற்றவாளியும் இல்லை என்பதைத் தெருவில் நடந்து காட்டுவோம். தவறிய பிள்ளையையும் அவன் பெயர் சொல்லியே அழையுங்கள்.